உங்களுக்குத் தெரியுமா? டைல்ஸுக்கு அடியில் இருக்கும் பாத்ரூம்

● தண்ணீரைத் தடுப்பது டைல்ஸின் வேலை அல்ல. விட்ரிஃபைட் டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதம்கூட நீரை உறிஞ்சாது என்பது உண்மைதான். ஆனால் இரண்டு டைல்ஸுக்கு நடுவே அடைக்கிற சிமென்ட் கிரவுட் உறிஞ்சும். சுவருக்கு ஒட்டும் சாதாரண செராமிக் டைல்ஸின் மண் உடல், தன் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் நீர் குடிக்கும். மேலே இருக்கும் பளபளப்பான பூச்சுதான் அதைக் காப்பாற்றுகிறது. பாத்ரூமை இடித்துக் கட்டும்போது டைல்ஸ் நிறம் பார்க்க வீடே கிளம்பிக் கடைக்குப் போகிறது. அதற்கு அடியில் என்ன பூசப்போகிறீர்கள் என்று மேஸ்திரியிடம் கேட்கவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்காகத்தான் இந்தப் பக்கம்.

● சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய மொகஞ்சதாரோவின் பெருங்குளம் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம் கொண்டது. நெருக்கி அடுக்கிய செங்கற்களை ஜிப்சம் சாந்து பிடித்திருந்தது. அதற்குப் பின்னால் ஏறக்குறைய ஓர் அங்குலக் கனத்தில் தார் போன்ற நிலக்கீலைப் பூசியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியும் சுவர் ஒன்று, தண்ணீரைத் தடுக்கும் அடுக்கு இன்னொன்று என்று அன்றைக்கே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

● ரோமானியர்கள் தொட்டிகளுக்கும் குளியல் கூடங்களுக்கும் சுட்ட ஓட்டை இடித்துச் சுண்ணாம்பில் கலந்து பூசினார்கள். நம்மூர்க் கொத்தனார்கள் சுண்ணாம்பில் கலந்த செங்கல் பொடியான சுர்க்கியும் அதே வேதியியல்தான். சுட்ட மண்ணின் நுண்துகள் சுண்ணாம்போடு வினைபுரிந்து, நீரிலேயே இறுகும் சாந்தாக மாறுகிறது.

● பழைய தமிழ் வீடுகளில் குளிக்கும் இடம் கொல்லையில், கிணற்றடியில் இருந்தது. துவைக்கும் கல்லில் விழுந்த தண்ணீர் வாழைக்கும் கீரைப் பாத்திக்கும் ஓடியது. தரைக்கு அடியில் மண்தான் இருந்தது, யாருடைய படுக்கையறையும் இல்லை. ஆகவே நம்மவர்களின் நீர்த்தடுப்புத் திறமை முழுவதும் மொட்டை மாடிக்குப் போனது. செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கினார்கள். குளியல் வீட்டுக்குள் வந்து, பிறகு மாடி ஏறி, இன்னொருவர் தலைக்கு மேல் போய் நின்றபோது அந்தப் பொறுமையும் கூடவே வந்திருக்க வேண்டும். பல வீடுகளில் வரவில்லை.

● அடுக்குமாடி வீட்டு பாத்ரூமின் தரையைப் பெயர்த்தால் பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு பள்ளம் இருக்கும். சங்கன் ஸ்லாப் என்று சொல்லப்படும் தாழ்த்திய கான்கிரீட் தளம் அது. கழிவுக் குழாய்களை அதற்குள் ஓடவிட்டு, மேலே உடைந்த செங்கல்லைக் கொட்டி நிரப்பி, அதன்மேல் தளம் போட்டு டைல்ஸ் பதிப்பார்கள். ஒரு சாதாரண செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை நீர் உறிஞ்சலாம் என்று இந்தியத் தரநிலையே இடம் கொடுக்கிறது. 4 சதுர மீட்டர் பாத்ரூமில் ஓர் அடி ஆழப் பள்ளத்தில், செங்கல் துண்டுகளுக்கு இடையே மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம் என்று வைத்துக்கொண்டாலும், அங்கே 400 லிட்டர் தண்ணீர் சத்தமில்லாமல் நிற்க முடியும். மேலே தரை காய்ந்து பளிச்சென்று இருக்கும். கீழ்வீட்டுச் சீலிங்கில்தான் கறை தெரியும்.

ஆகவே நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு இடத்தில் வேண்டும். ஒன்று, பள்ளத்தின் அடியிலும் அதன் நான்கு பக்கச் சுவரிலும். இன்னொன்று, நிரப்பிய பிறகு மேல்தளத்தில், டைல்ஸுக்கு நேர் கீழே. பள்ளத்தின் அடியிலிருந்து ஒரு சிறு வடிகுழாயை வெளிப்புறக் குழாய்க்குழிக்கு விட்டுவிடுவது இன்னும் நல்லது. உள்ளே நீர் இறங்கினால் அந்தக் குழாய் சொட்டும், கீழ்வீட்டுக்காரர் வந்து சொல்வதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும்.

● எதையும் இடிப்பதற்கு முன், கசிவு எந்தக் குழாயினுடையது என்று கேட்டுப் பார்க்கலாம். தண்ணீரே பதில் சொல்லும். வீட்டில் ஆள் இல்லாதபோதும் இரவும் பகலும் ஒரே சீராகச் சொட்டி, கேட் வால்வை மூடினால் நின்றால், அது தண்ணீர் வரும் குழாய். ஃபிளஷ் செய்ததும், வாளியைக் கவிழ்த்ததும் சொட்டி, கொஞ்ச நேரத்தில் அடங்கினால், அது கழிவுக் குழாயின் இணைப்பு. குளித்து வெகுநேரம் கழித்து மெல்லத் தொடங்கி, சில நாள் பாத்ரூமைப் பூட்டிவைத்தால் குறைந்தால், அது தரை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: நிரப்பிய செங்கல் ஊறிப் போயிருந்தால், கசிவை நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் சொட்டும். அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது.

● கீழே ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைத்துத் தோண்டுகிறவர்கள் ஏமாறுவார்கள். கான்கிரீட்டுக்குள் நீர் கம்பியோரமாகவும், மின்கம்பி செல்லும் பிளாஸ்டிக் குழாய் வழியாகவும் சில அடி தூரம் நடந்து, வசதியான இடத்தில் வெளியே வரும். மின்விளக்கு மாட்டிய இடத்திலிருந்து தண்ணீர் சொட்டுவது இதனால்தான். அப்படிச் சொட்டினால் முதல் வேலை அந்த அறையின் எம்சிபியை இறக்குவது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத வீடுகளில் இந்தத் துளிகள் உயிருக்கே ஆபத்து.

● சீலிங்கைச் சுரண்டி, லப்பம் தேய்த்து, பெயின்ட் அடிப்பது கசிவைச் சரிசெய்வதாகாது. அது கறையை மறைப்பது மட்டுமே. நீர் மேலிருந்து தள்ளிக்கொண்டே இருப்பதால் பூச்சு சில மாதங்களில் கொப்பளித்து உதிரும். கீழிருந்து பாலியூரித்தேன் பசையை ஊசியால் ஏற்றி விரிசலை அடைக்கும் முறை ஒன்று இருக்கிறது. மேல்வீட்டைத் திறக்கவே முடியாத நிலையில் அது கைகொடுக்கும். ஆனால் தண்ணீர் தொடுகிற பக்கத்தில் தடுப்பதற்கு அது மாற்று ஆகாது.

● சீலிங்கிலிருந்து வெள்ளையாகத் தொங்கும் மெல்லிய குச்சிகளைப் பார்த்திருக்கிறீர்களா? கான்கிரீட்டில் இருக்கும் சுண்ணாம்பை நீர் கரைத்துக்கொண்டு வந்து, காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து படியவைத்தது அது. சுண்ணாம்புக் குகைகளில் தொங்கும் ஊசிப்பாறைகளைவிட இவை நூறு மடங்குக்கும் மேலான வேகத்தில் வளரக்கூடியவை. பார்க்க அழகாக இருக்கலாம். தளம் தன் உடம்பைக் கரைத்துக் கொடுக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

● நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை மிக அதிகம், அதன் பி.எச். மதிப்பு 12-க்கும் மேல். அந்தக் காரம் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. வருடக்கணக்கில் ஈரமும் உப்பும் இறங்கினால் அந்தக் காப்பு உடைகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்தத் தள்ளலில்தான் கான்கிரீட் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்து, கம்பி வெளியே தெரிகிறது. கடலோர ஊர்களின் பழைய குடியிருப்புகளில் இதைக் காணாத தெரு குறைவு. கசிவை ‘சின்ன விஷயம்’ என்று தள்ளிப்போடுகிறவர்களிடம் இந்த ஒரு காட்சியைத்தான் காட்ட வேண்டும்.

● பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினால் தூசி இல்லை, செலவும் குறைவு. ஒழுகாத பாத்ரூமுக்கு அது சரி. ஒழுகும் பாத்ரூமில் நோய் அப்படியே உள்ளே இருக்கும். அதோடு தரை உயர்ந்து, வாசல்படியின் உயரம் குறைந்து, தண்ணீர் அறைக்குள் ஓடிவரும் வழியும் திறந்துவிடும்.

● இடிக்கும்போது பிரேக்கர் மெஷினைத் தளத்தின் மீது நேராக நிறுத்தக்கூடாது. டைல்ஸையும் பழைய கலவையையும் சாய்வாகப் பெயர்க்கலாம். கான்கிரீட்டை நெருங்கியதும் உளியும் சுத்தியலும்தான். புதிதாக ஒரு விரிசலை உண்டாக்கிவிட்டு அதன்மேல் விலையுயர்ந்த பூச்சு பூசுவதில் பயன் இல்லை.

● 1980-களில் கட்டிய வீடு என்றால் சுவருக்குள் ஜி.ஐ. குழாய் இருக்க வாய்ப்பு அதிகம். துத்தநாகப் பூச்சு தேய்ந்ததும் அது உள்ளிருந்தே துருப்பிடிக்கும். சுவரைத் திறந்திருக்கும்போதே சி.பி.வி.சி. குழாய்க்கு மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். சுடுநீருக்கும் தாங்கும் இந்தக் குழாய்க்கு அதற்கென்றே உள்ள பசை வேண்டும்; சாதாரண பி.வி.சி. பசையால் ஒட்டிய இணைப்பு ஒருநாள் விட்டுவிடும். காடி வெட்டிக் குழாய் பதித்ததும், பூசி மூடுவதற்கு முன், கைப்பம்பால் நீரை ஏற்றி, வழக்கமான அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு கொடுத்துச் சில மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். அழுத்தமானியின் முள் இறங்காமல் நின்றால் மட்டுமே பூச வேண்டும்.

● தளத்துக்கும் பி.வி.சி. குழாய்க்கும் ஒட்டுறவு கிடையாது. சிமென்ட் அந்த வழுவழுப்பான பரப்பைப் பிடிக்காது. வெப்பத்தில் பி.வி.சி. விரிவதும் கான்கிரீட் விரிவதும் ஒன்றல்ல, ஐந்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். சுடுநீர் போகும்போது நீண்டு, ஆறும்போது சுருங்கி, குழாயைச் சுற்றி மயிரிழை இடைவெளி விழுந்துவிடும். பாத்ரூம் ஒழுகுகிறது என்றால் பரந்த தரையைச் சந்தேகிப்பதற்கு முன், குழாய் தளத்தைத் துளைக்கும் அந்த வட்டத்தைச் சந்தேகியுங்கள். குழாயின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, சுற்றிலும் சுருங்காத கிரவுட் ஊற்றி, அது இறுகிய பிறகு நெகிழும் பூச்சையும் துணிப்பட்டையையும் குழாய் மீதே ஏற்றிப் பிடிக்க வேண்டும்.

● அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி 1775-இல் லண்டனில் காப்புரிமை பெற்ற வளைந்த குழாய்தான் இன்றும் நம் கழிவறைக் கோப்பையில் துர்நாற்றத்தைத் தடுக்கிறது. வளைவில் தேங்கும் கொஞ்சம் நீரே பூட்டு. தரையில் இருக்கும் நஹானி டிராப்பிலும் இதே தத்துவம்தான். விருந்தினர் அறை பாத்ரூமில் நாற்றமும் கரப்பானும் வந்தால், அந்த நீர் வற்றிவிட்டது என்று பொருள். வாரம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

● அந்த நஹானி டிராப்பை வைப்பதில்தான் பல வேலைகள் கெடுகின்றன. டைல்ஸ் மட்டத்துக்குச் சரியாக அதன் வாய் இருக்கும். ஆனால் நீர்த்தடுப்புப் பூச்சு அதற்கு இரண்டு அங்குலம் கீழே, டிராப்பின் கழுத்தோடு சேராமல் நின்றுவிடும். கிரவுட் வழியாக இறங்கிய நீருக்கு வெளியே போக வழியே இல்லாமல், டைல்ஸுக்கும் பூச்சுக்கும் நடுவே தேங்கும். பூச்சு டிராப்பின் விளிம்பு வரை வந்து உள்பக்கம் மடிய வேண்டும். பூச்சுக்கு அடியில் இருக்கும் தளத்துக்கும் வாட்டம் வேண்டும். மேலே டைல்ஸுக்கு மட்டும் வாட்டம் கொடுத்துவிட்டு அடியை மட்டமாக விடுவது பாதி வேலை.

● வாட்டம் எவ்வளவு? ஒரு மீட்டருக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் இறக்கம் பொதுவான அளவு. ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பதோடு நிற்காமல், டைல்ஸ் ஒட்டும் முன்பே ஒரு வாளித் தண்ணீரை நான்கு மூலைகளிலும் ஊற்றிப் பாருங்கள். பெரிய அளவு டைல்ஸுக்கு நான்கு பக்கமும் வாட்டம் கொடுப்பது கடினம். 2 அடிக்கு 4 அடி டைல்ஸ் ஆசைப்படுகிறவர்கள், சுவரோரம் நீளமான வடிகால் வைத்து ஒரே பக்கமாகச் சரித்துவிடலாம்.

● பெற்றோருக்கு முழங்கால் வலி வந்ததும் ஒரிசா பேனை எடுத்துவிட்டு மேற்கத்திய கோப்பை வைப்பதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கும் புதுப்பித்தல். பழைய பேன் தரைக்குள் புதைந்திருப்பதால், அதை எடுக்கும்போது சங்கன் தளத்தின் பழைய பூச்சு கட்டாயம் கிழியும். ‘ஒரு நாள் வேலை’ என்று அந்தக் குழியை மட்டும் சிமென்ட் போட்டு மூடினால், மறுமழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை; மறுவாரமே கீழே தெரியும். பேனை எடுத்த அன்றைக்கே தரை முழுவதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

● தரையும் சுவரும் சேரும் மூலை 90 டிகிரியில் கூர்மையாக இருந்தால் பூச்சு அங்கேதான் முதலில் பிளக்கும். சுவர் ஒருபக்கமும் தளம் ஒருபக்கமும் அசைவதே காரணம். மூலையில் கலவையைச் சாய்வாக வைத்து வளைத்துவிட்டு, அதன்மேல் கண்ணாடியிழை வலையைப் பூச்சுக்குள் புதைப்பார்கள். அந்த வலை, சிமென்டின் காரத்தைத் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும். சாதாரண கண்ணாடியிழையைக் காரம் அரித்துவிடும்.

● சிமென்ட் கலந்த பாலிமர் பூச்சு பூசுவதற்கு முன் தளத்தை நனைக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கி நிற்கக்கூடாது. காய்ந்த தளம் பூச்சின் நீரை உறிஞ்சி அதை மாவாக்கிவிடும். பாலியூரித்தேன் பூச்சுக்கோ நேர் எதிர்: தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தின் மீது பூசினால் கொப்பளம் கொப்பளமாக எழும்பும். ‘கெமிக்கல் அடிச்சாச்சு’ என்ற ஒரே சொல்லில் இரண்டும் அடங்கிவிடுவதால் இந்த வித்தியாசம் தொலைந்துபோகிறது. எந்த டப்பா என்று வாங்கிப் படித்துப் பாருங்கள்.

● திரவமும் பொடியுமாக இரண்டு பகுதி வரும் பூச்சில் கண்ணளவுக்கு இடமில்லை. பொட்டலத்தில் சொன்ன விகிதத்துக்கு மேல் ஒரு கப் தண்ணீர் ஊற்றினாலும் அதன் நெகிழும் தன்மை போய்விடும். ஒரே கனமான பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சுகள் சிறந்தவை. முதல் கை நெடுக்காக, இரண்டாம் கை குறுக்காக. இரண்டுக்கும் வேறு நிறம் கிடைத்தால் இன்னும் நல்லது. விட்டுப்போன இடம் கண்ணில் படும்.

● எவ்வளவு உயரம் வரை? ஆஸ்திரேலியாவின் தரநிலை, ஷவர் இருக்கும் சுவரில் 1,800 மில்லிமீட்டர் உயரம் வரை நீர்த்தடுப்பு கேட்கிறது. அந்நாட்டின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வாட்டர்புரூஃபிங் வேலைக்கென்றே தனி உரிமப் பிரிவு இருக்கிறது. நம்மூரில் தரையிலிருந்து ஓர் அடியோடு நிறுத்திவிடுவார்கள். பாத்ரூமுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் நாலரை இஞ்ச் சுவர். அந்தப் பக்கம் அலமாரி வைத்திருந்தால், பட்டுப்புடவை பூஞ்சை பிடித்த பிறகுதான் விஷயம் தெரிய வரும். ஷவர் சுவரில் ஆறு அடி வரை பூசக் கேளுங்கள். கூடுதலாக ஆகும் பொருள் கொஞ்சம்தான்.

● சுவரின் நுண்துளைகள் தண்ணீரை மேலே இழுக்கும். ஒரு மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துளையில் நீர் ஏறக்கூடிய உயரம், கணக்குப்படி ஏறத்தாழ 15 மீட்டர். நடைமுறையில் ஆவியாதல் அதைச் சில அடிகளில் நிறுத்துகிறது. தரையில் தேங்கிய நீர், சுவரில் முழங்கால் உயரத்தில் ஓதமாகத் தெரிவது இப்படித்தான்.

● யாரும் கவனிக்காத இடம் வாசல். பூச்சு கதவுநிலையின் அடியில் வந்து தட்டையாக முடிந்தால், டைல்ஸுக்கு அடியில் ஊறும் நீர் அங்கே தாண்டிப் படுக்கையறைத் தரைக்குள் போகும். மரநிலையின் கால் கறுத்து, கரையான் வருவதற்கு அதுவே அழைப்பு. கிரானைட் படிக்கல்லுக்குக் கீழே பூச்சை மேல்நோக்கித் திருப்பி ஒரு சிறு அணை கட்ட வேண்டும்.

● இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள்: தண்ணீர் கட்டிப் பார்ப்பது. டப்பாவில் சொன்ன நாட்கள் வரை பூச்சு ஆறிய பிறகு, டிராப்பின் வாயை அடைத்து, வாசலில் கலவையால் சிறு வரப்பு கட்டி, 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்பி 48 மணி நேரம் விட வேண்டும். சுவரில் பென்சிலால் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சில மில்லிமீட்டர் ஆவியாகிக் குறையலாம். அதற்கு மேல் இறங்கினால், எங்கேயோ போகிறது.

‘இவ்வளவு தண்ணீரைத் தளம் தாங்குமா?’ என்று கேட்பார்கள். 5 சென்டிமீட்டர் நீர் என்பது ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ. வீட்டுக் குளியலறைத் தளத்தை, அதன் சொந்த எடை போக, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ சுமைக்கு வடிவமைக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. கம்பி தெரியும் அளவுக்குப் பழுதான பழைய தளம் என்றால் மட்டும் பொறியாளரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சங்கன் பள்ளத்தில் பூசியதும் ஒருமுறை, மேல்தளத்தில் பூசியதும் மறுமுறை. இரண்டு தடவையும் கீழ்வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிட்டு, அவர் வீட்டுச் சீலிங்கை அவரோடு நின்று பாருங்கள். வேலை சரியாக நடக்கிறது என்ற நம்பிக்கை அவருக்கும் வரும். மேஸ்திரி அடுத்த வேலைக்குப் போக அவசரப்படுவார். அவருடைய இரண்டு நாள் கூலியைச் சேர்த்துப் பேசிவிட்டால் இந்தத் தகராறே இல்லை. அதை நான் நியாயமான செலவு என்றே நினைக்கிறேன். காத்திருப்பதும் அவர் வேலையில் ஒரு பகுதி.

● சோதனை முடிந்த பூச்சு ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் கனம்தான். அதன்மேல் மண்வெட்டியை இழுத்தாலோ, ஆணி பதித்த செருப்போடு நடந்தாலோ, டைல்ஸ் பெட்டியைத் தொப்பென்று போட்டாலோ கிழியும். நீரை வடித்த அன்றே அதன்மேல் மெல்லிய சிமென்ட் கலவை ஒன்றைக் காப்பாகப் பரப்பிவிட வேண்டும்.

● விட்ரிஃபைட் டைல்ஸ் நீரை உறிஞ்சாது என்பதால் சிமென்ட் பாலும் அதற்குள் இறங்காது, பிடிப்பு வராது. அதற்குப் பாலிமர் கலந்த டைல்ஸ் பசை வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் குவியல் வைத்து ஒட்டும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். பல்வெட்டிய கரண்டியால் முழுவதும் சீவி ஒட்டினால்தான் உள்ளே வெற்றிடம் இருக்காது. காய்ந்த பிறகு விரல் முட்டியால் தட்டினால் ‘டங்’ என்று வெற்றொலி வரும் டைல்ஸின் அடியில் நீர் குடியேறும்.

● கிரவுட்டில் எபாக்ஸி ரகம் நீரை உறிஞ்சாது, கறையும் பிடிக்காது. விலை அதிகம். சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் மேலே படிந்ததை உடனுக்குடன் துடைக்கத் தெரிந்த கை வேண்டும். ஆனால் எபாக்ஸி போட்டால் அடியில் பூச்சு வேண்டாம் என்று சொல்வது தவறு. சுவரும் தரையும் சேரும் கோட்டில் கிரவுட்டே கூடாது, சிலிக்கான்தான். அசையும் இடத்தில் கல்லைப் போல இறுகும் பொருள் விரிசல் விடும். வினிகர் வாசம் அடிக்கும் சிலிக்கான் அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும் ரகம். பளிங்குக்கல் பக்கத்தில் அதைத் தவிர்த்து, வாசமில்லாத நடுநிலை ரகத்தைக் கேளுங்கள்.

● நன்றாக முடித்த பாத்ரூமையும் நம் கையே கெடுக்கும் ஒரு வழி உண்டு. போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் டைல்ஸில் வெள்ளைக் கறையாகப் படியும். அதைப் போக்க ஆசிட் ஊற்றித் தேய்ப்போம். கறையைக் கரைக்கும் அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம் சிமென்ட் கிரவுட்டையும் கரைக்கும், ஏனென்றால் இரண்டிலும் இருப்பது சுண்ணாம்புதான். கழுவக் கழுவ டைல்ஸ் மினுங்கும். கோடுகள் பள்ளமாகிக்கொண்டே போகும். புது வேலை முடிந்ததும் ‘ஆசிட் வாஷ்’ செய்து கொடுக்கும் வழக்கமும் இதே கேட்டைத் தொடங்கிவைக்கிறது. கோப்பை கழுவும் திரவங்கள் பலவற்றில் இருப்பதும் இந்த அமிலம்தான். அது கோப்பைக்கு உரியது, தரைக்கு அல்ல.

குளித்து முடித்ததும் தண்ணீரை வைப்பரால் தள்ளிவிட்டால் உப்பு படிய இடமே இருக்காது. இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது: ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேரக்கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது உயிரையே கொல்லும்.

● ஈரமான வீட்டுக்கும் ஆஸ்துமாவுக்கும் தொடர்பு இருப்பதை உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ஈரம், பூஞ்சை குறித்த வழிகாட்டி நூலில் விரிவாகச் சொல்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேனைக் குளித்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள்.

● ஜப்பான் இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகியது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்காக எழும்பிய நியூ ஓட்டானி ஓட்டலின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகளுக்கு, குளியலறைகளைத் தொழிற்சாலையிலேயே இழை வலுவூட்டிய பிளாஸ்டிக்கில் செய்து கொண்டுவந்து பொருத்தினார்கள். தரைத்தட்டு ஒரே வார்ப்பு. அதில் இணைப்பே இல்லை. அங்கே இன்று வீடுகளிலும் அந்த முறை சாதாரணம்.

● சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குவீடுகளில், தேய்மானத்தால் சீலிங் ஒழுகினால் அது மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் பொதுவான பொறுப்பு. கழகத்தின் உதவித் திட்டத்தில் செலவில் பாதியைக் கழகம் ஏற்கிறது. மீதியை இரண்டு வீட்டாரும் ஆளுக்குக் கால் பங்காகப் பிரித்துக்கொள்கிறார்கள். கட்டி முடித்த முதல் 3 ஆண்டுகளுக்குப் பாத்ரூம் டைல்ஸைப் பெயர்க்கவே அங்கே அனுமதி கிடையாது. அடியில் இருக்கும் பூச்சைக் காப்பதற்கான விதி அது. நம் குடியிருப்போர் சங்கங்கள் ‘உன் தண்ணீர், என் சீலிங்’ என்று ஆண்டுக்கணக்கில் சண்டையிடுவதைப் பார்க்கும்போது, இப்படியொரு பங்கீடு இங்கேயும் வர வேண்டும் என்று தோன்றுகிறது.

● புதிய அடுக்குமாடி வீடு வாங்கியவர்களுக்கு: 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரியவந்து, அதை நீங்கள் தெரிவித்தால், கட்டுமான நிறுவனம் 30 நாட்களுக்குள் கூடுதல் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். ஆகவே அந்த 5 ஆண்டுக்குள் பாத்ரூமை நீங்களாகவே இடிப்பதற்கு முன், கசிவைப் படமெடுத்து எழுத்துப்பூர்வமாக அனுப்பிவிடுங்கள். நீங்கள் உளி வைத்த பிறகு, யார் வேலையில் குறை என்று நிரூபிப்பது கடினம்.

● வேலை முடிந்த மறுநாள் துளையிடும் மெஷினோடு கண்ணாடித் தடுப்பு பொருத்த ஆள் வருவார். திருகாணிகள் தரையில் இறங்கினால் பூச்சைத் துளைக்கும். ஹெல்த் ஃபாஸெட் மாட்டும் இடம், துண்டுக் கம்பி, தடுப்பின் கால் எல்லாவற்றையும் சுவருக்கு மாற்றுங்கள். தவிர்க்க முடியாத துளையில் சிலிக்கானை நிரப்பிவிட்டு ஆணியை ஏற்றச் சொல்லுங்கள். எந்த இடத்தில் துளைக்கலாம் என்று அவருக்குக் காட்ட, பூசி மூடுவதற்கு முன்பே குழாய்கள் ஓடும் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவை ஒட்டவைத்துப் படமெடுத்திருக்க வேண்டும். அந்தப் படங்களையும், பூசிய பொருளின் பெயரையும், மிச்சமான நான்கைந்து டைல்ஸையும் எடுத்து வையுங்கள். படங்களின் அச்சுப் பிரதி வீட்டுப் பத்திரத்தோடு இருந்தால், பத்து வருடம் கழித்து வரும் பிளம்பர் சுவர் முழுவதையும் உடைக்க வேண்டியிருக்காது.